தண்ணியா காத்தா

கம்ப்யூட்டரைக் கெடுப்பது சூடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் சூட்டைவிடத் தூசிதான் அதிகம் கெடுக்கிறது. நாகல் நகரில் என் கடைக்கு வரும் மெஷின்களில் பாதியை ஒரு பெயின்ட் பிரஷை வைத்தே சரிசெய்து அனுப்பிவிடுவேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது சார். எனக்குத் தொழில் தெரியும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் மற்றதைப் படிக்க வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று எங்கும் நான் எழுதப்போவதில்லை.

என் பெயர் பாண்டியராஜ். கடையில் என் கூட்டாளி கிளெமென்ட். வயதில் என்னைவிடச் சின்னவன், ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவான். நான் பழுது பார்ப்பேன், அவன் புது மெஷின் கட்டுவான். கடைக்கென்று யூடியூப் சேனல் ஆரம்பித்ததும் அவன்தான்.

எங்களுக்குள் இருந்த ஒரே தகராறு பிராசஸரை எப்படிக் குளிர்விப்பது என்பதுதான். அதன் சூட்டை ஓர் உலோகக் கட்டியில் ஏற்றி, பக்கத்தில் ஃபேன் வைத்து ஊதிவிடுவது ஒரு வழி. கடையில் அதைக் காத்து கூலர் என்போம். குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றுவது இன்னொரு வழி. தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது என்பது என் கட்சி. கடைசியில் இரண்டுமே அதே அறைக்காற்றில்தான் சூட்டைக் கொட்டுகின்றன. சித்திரை வெயிலில் அறையே கொதிக்கும்போது தண்ணீர் என்ன செய்துவிடும்? தவிர, ஃபேன் நின்றுபோனால் மெஷின் தானாக அணைந்துகொள்ளும். தண்ணீர் கசிந்தால் அப்படி இல்லை. இது சரியான வாதம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

போன வருடம் ஆயக்குடியிலிருந்து சுகன்யா வந்தார். குழந்தைக் கதைகளுக்கு அனிமேஷன் செய்து, தானே குரலும் கொடுப்பவர். கம்ப்யூட்டரும் மைக்கும் ஒரே அறையில்.

“மெசின் போடற சத்தம் மைக்குல விழுதுங்க. படம் ரெண்டர் ஆயிட்டிருக்கறப்ப குரல் பதியவே முடியறதில்லீங்க” என்றார். வரைந்ததையெல்லாம் மெஷின் மணிக்கணக்கில் கோத்துப் படமாக்குவதைத்தான் ரெண்டர் என்பார்கள்.

நான் பெரிய காத்து கூலர் போதும் என்றேன். கிளெமென்ட் தண்ணீர்தான் என்றான். அவர் முன்னாலேயே பேச்சு வளர்ந்தது. “சரிண்ணே, ரெண்டையும் வச்சுப் பாத்துருவோம்” என்று ஒரே மெஷினில் மாற்றி மாற்றிப் பொருத்தி, அதை வீடியோவும் எடுத்தான். என் கூலர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. வேலை ஏற ஏற மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பித்தது. அவனுடையதில் சூடும் குறைவு, சத்தமும் இல்லை. எல்லோருக்கும் தண்ணீர் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் சுகன்யாவின் வேலைக்கு அதுதான் சரி. அந்த மேஜை முன்னால் நின்றபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது.

வீடியோவுக்கு ‘தண்ணியா காத்தா’ என்று பெயர் வைத்தான். முடிவில் கேமராவை என் முகத்துக்குத் திருப்பி, “அண்ணன் தோத்துட்டாரு மக்களே” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். எங்கள் வீடியோக்களில் அதுபோல எதுவும் ஓடியதில்லை. கடைக்கு வருகிறவர்கள், “ஏண்ணே, தோத்த அண்ணன் நீங்கதான?” என்று கேட்டார்கள். என் மகளின் பள்ளியில் அவளிடமும் கேட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதை எடுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிளெமென்ட் எடுத்திருப்பான். சொல்ல வெட்கமாக இருந்தது. இவ்வளவுக்கும் மூலம் அந்த வெட்கம்தான் என்றால் சின்னக் காரணமாகத் தெரியும். சின்னக் காரணம்தான்.

பங்குனியில் சுகன்யா மெஷினைத் தூசி தட்டித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். கிளெமென்டுக்கு மதுரையில் வேலை. “நீங்க போய்ட்டு வாரீங்களாண்ணே?” என்றான். போனேன்.

தகர ஷீட் போட்ட வீடு. எதிரொலி வராமல் இருக்க அந்த அறையின் சுவர் முழுக்கக் கரும்பஞ்சு ஒட்டியிருந்தார்கள். மேஜையை ஒட்டி ஒரு கட்டில். சுகன்யாவின் அம்மா சண்முகவள்ளி அதில் படுத்திருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“மத்தியானத்துல இங்கதானுங்க தம்பி படுக்கறது. கதவச் சாத்துனா ஒரு சத்தங் கேக்காது” என்றார். கொய்யாப்பழம் அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தட்டில் வைத்தார். “வெயில்ல வந்திருக்கீங்க, சாப்டுங்க. காப்பி வெக்கச் சொல்றேன்” என்று எழுந்து உள்ளே போனார்.

நான் தூசியை ஒழுங்காகத் துடைத்தேன். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தேன். பிறகு, சூடான தண்ணீர் வெளியேறும் குழாயின் இணைப்பைத் தளர்த்தினேன். உடனே ஒழுகும்படி இல்லை. நாள் போகப் போக, மெஷின் சூடாகிக் குழாய் இளகும்போது கசியும்படி.

மெஷின் கெட்டு கிளெமென்ட் தலைகுனிவான், அவ்வளவுதான் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் வாயால் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அந்த இணைப்புக்கு நேர் கீழே பவர் சப்ளை இருந்தது. சுவரில் பஞ்சு இருந்தது. பக்கத்தில் கட்டில் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கொய்யாவைச் சாப்பிட்டேன்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு பிற்பகல், சுகன்யா மெஷினை ரெண்டரில் போட்டுவிட்டுப் பழனிக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கிறார். கசிந்த தண்ணீர் பவர் சப்ளையில் இறங்கித் தீப்பிடித்திருக்கிறது. பஞ்சு எரிந்தால் தீயைவிடப் புகைதான் முந்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தபோது அவர் கதவுக்கு அருகில் கிடந்தாராம். எழுந்து வந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வாசலில் சுகன்யா கத்தவில்லை. கிளெமென்டைப் பார்த்து, “உங்கள நம்பித்தானுங்கண்ணா வச்சேன்” என்று மட்டும் சொன்னார். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் பக்கத்தில் நின்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் என்னை நல்ல மனிதன் என்று நினைத்திருப்பார்கள்.

நீங்கள் அவனைக் கைது செய்தபோது வக்கீல் வைத்ததும், ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அவன் மனைவி நான்சி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லாட்டி எங்களுக்கு யாருண்ணே இருக்கா” என்று அழுதாள். கையை எப்போது விடுவாள் என்று காத்திருந்தேன்.

வெளியே வந்த மறுநாள் கிளெமென்ட் கடைக்கு வந்தான். தண்ணீர்க் குழாய்கள், பம்புகள் எல்லாவற்றையும் எடுத்து ஒரு சாக்கில் போட்டான். “நீங்க அன்னைக்கே சொன்னீங்கண்ணே. நாந்தேன் கேக்கல. காத்துதான் நல்லது. எங்கயோ சரியா முறுக்காம விட்டிருக்கேன். ஒரு உசுரு போயிருச்சு” என்றான்.

அந்த நேரத்தில் மனது உறுத்தித்தான் இங்கே வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை சார். அவன் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. “இத கேமரா முன்னாடி ஒருக்கா சொல்லிருப்பா. மத்தவங்களுக்கும் எச்சரிக்கையா இருக்கும்ல” என்றேன். சொன்னான். பாதியில் அழுதான். அழுததை வெட்டாமல் நான்தான் சேனலில் ஏற்றினேன்.

‘அண்ணன் அன்றே சொன்னார்’ என்று வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே இதயக் குறி போட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் சுகன்யாவும் எழுதியிருந்தார். ‘பாண்டியராஜ் அண்ணா வேண்டாம்னுதான் சொன்னாருங்க. சத்தம் ஆகாதுன்னு நான்தான் தண்ணி வெக்கச் சொன்னேன். எங்கம்மாவ நான்தான் கொன்னுட்டேன்.’ படித்து முடிப்பதற்குள் என் விரல் அதற்கும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டது. உடனே எடுத்துவிட்டேன். ஆனால் அவருடைய போனுக்குத் தகவல் போயிருக்கும்.

அன்று சாப்பிட முடியவில்லை. மறுநாள் உங்களிடம் வந்தேன்.

கிளெமென்டுக்கும் சுகன்யாவுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இன்னொன்று, தீ விபத்து பற்றிய தடயவியல் அறிக்கையில் அந்த இணைப்பு சரியாக முறுக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்த வேண்டும். கிளெமென்ட் அதை நன்றாக முறுக்கியிருந்தான். ஒரு கையால் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. துடைக்கும் துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகித்தான் அதைத் தளர்த்தினேன்.