தண்ணீர் அடித்த ட்ரே

அண்ணி: ...உங்கண்ணன் கடைசியா என்கிட்ட, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுன்னுதான் கேட்டார். திறந்துட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான். நீ ஏன் நின்னுக்கிட்டே இருக்க? உட்காரு தம்பி.

கொழுந்தன்: இருக்கட்டும் அண்ணி. அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?

அண்ணி: உங்க ஆய்வகத்துல இருந்து வந்ததா? இன்னும் இல்ல. அவரோட கடைசி ஆராய்ச்சியை அவர் பேர்லயே வெளியிடப் போறாங்களாம். நீ எடுத்த படத்தோட.

கொழுந்தன்: போடாதீங்க.

அண்ணி: ஏன்?

கொழுந்தன்: அது... மிளகாய்ச் செடியில ஒரு ஜீன் இருக்குல்ல...

அண்ணி: எனக்கே பாடமா? இலைப்புள்ளிக் கிருமி உள்ள வந்தா மோப்பம் பிடிக்கிற ஜீன். தக்காளியில வச்சா வேலை செய்யும், ரெண்டும் பங்காளிங்க. பீன்ஸ்ல வச்சா செய்யாது. சாப்பிட உட்கார்ந்தா இதே பேச்சுதான், பதினாலு வருஷமா.

கொழுந்தன்: ஏன் செய்யாதுன்னும் சொல்லியிருப்பாரே.

அண்ணி: மோப்பம் பிடிச்சா மட்டும் போதாதாம். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர ஒரு துணை ஜீன் வேணுமாம். தக்காளிக்கு அது இருக்கு, பீன்ஸுக்கு இல்ல. பத்து தடவை கூப்பிட்டாலும் வராத ஒரு ஆளு இருக்கே, அந்த ஆளை வச்சுத்தான் விளக்குவார்.

கொழுந்தன்: என்னைத்தானே?

அண்ணி: பின்ன யாரை?

கொழுந்தன்: இந்தத் தடவை துணை ஜீனையும் சேர்த்தே பீன்ஸ்ல வச்சார். கிருமி அடிச்சுப் பாக்கிறது என் வேலை. ஒரு ட்ரே நாத்துக்குக் கிருமி. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு ட்ரேக்கு வெறும் தண்ணி.

அண்ணி: ம்.

கொழுந்தன்: ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி, படம் அனுப்புடான்னார். நான்... தண்ணி அடிச்ச ட்ரேயைப் படம் எடுத்து அனுப்பிட்டேன் அண்ணி.

அண்ணி: கிருமி அடிச்ச ட்ரேன்னு சொல்லியா?

கொழுந்தன்: ஆமா. தோத்துப் போச்சுன்னு படுத்துக் கிடக்கிற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? இருக்கிற நாள் நிம்மதியா இருக்கட்டும்னு நினைச்சேன். அதை ஆய்வகம் பூராவுக்கும் அனுப்பி வைப்பார்னு தெரியாமப் போச்சு. ஒரு அளவைக்கூட மாத்தி எழுதாத ஆளு. அவர் பேர்ல என் பொய்யை அச்சடிக்கப் போறாங்க. உங்க முகத்தைப் பாக்கவே கூசுது.

அண்ணி: உட்காரு முதல்ல. அவங்களுக்கு நீயே எழுது. நடந்தது நடந்தபடி.

கொழுந்தன்: வேலை போயிடும்.

அண்ணி: போகட்டும். எழுது... கிருமி அடிச்ச ட்ரேயில பதினெட்டு செடி. நாலாம் நாள் பதினெட்டும் கருகிடுச்சு.

கொழுந்தன்: அது... உங்களுக்கு யார் சொன்னா? படம் அனுப்பின கையோட எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சுட்டேனே.

அண்ணி: நீ பிடுங்கறதுக்கு முன்னாடி ஆய்வகத்துக்கு வந்தேன். நீ சாப்பிடப் போயிருந்த. அவர்தான் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னார். நின்னு எண்ணினேன். திரும்பிப் போய், எல்லாம் பச்சையா இருக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தார் தம்பி... அதுக்கு அப்புறம்தான் போனை எடுத்து உன்கிட்ட படம் கேட்டார். என் பேரையும் சேத்து எழுது. பதினெட்டும் கருகிடுச்சு.