முழு டோஸ்

— அரைவாசியோ? லிம்போமாவுக்கு அரைவாசி வைத்தியமோ? ஆர் சொன்னது?

— டொக்டர் கரோலின் சொன்னவ, அப்பா. கீமோவில நெஞ்சுக் கட்டி முழுக்கக் கரைஞ்சிட்டுது. ஸ்கானில ஒண்டுமில்லை. இனி ரேடியேஷன் குறைஞ்ச டோஸ் காணுமாம்.

— காணுமாம்! நேர்த்திக்கு ஆரும் அரைக் காவடி எடுக்கிறவையோ, துவாரகா? இஞ்ச கனடாவில வைத்தியம் ஓசி. ஓசியெண்டா உப்பிடித்தான் கிள்ளித் தெளிப்பாங்கள், கண்டியோ. நாளைக்குத் தொடங்க முன்னம் போன் பண்ணி முழுசாத் தரச் சொல்லு.

— மாட்டன். என்ர மனுசன் கிளிபோட்டும் நானும் யோசிச்சுத்தான் ஓமெண்டனாங்கள்.

— அவனுக்கென்ன! நீ போனா இன்னொருத்தி. சேர்ச்சில பொம்பிளையளுக்குப் பஞ்சமோ?

— விட்பியிலயிருந்து என்னை ஏத்திக்கொண்டு வந்தது அவர்தான். கீழ காருக்குள்ள இருக்கிறார். கலியாணம் கட்டி ஏழு வருஷம், இந்த வீட்டுக்குள்ள ஒருநாள் விட்டனீங்களோ?

— இருக்கட்டும். கொம்மாவை யோசிச்சுப் பார். உதே நெஞ்சு, உதே லிம்போமா வருத்தம். நீ அப்ப சின்னப்பிள்ளை. ரேடியேஷனை முழுசாக் குடுங்கோ, ஒரு சொட்டும் குறைக்காதேங்கோ எண்டு நான் டொக்டர்மாரைக் கும்பிட்டுக் கேட்டனான். குடுத்தாங்கள். பிறகு வருத்தம் திரும்பிப் பாத்ததோ?

— இல்லை.

— அதுதான் வைத்தியம், கண்டியோ! அவளைச் சாகடிச்சது வருத்தமில்லை. நீ அவனோட போய் ரெஜிஸ்டர் பண்ணின மாசம் அவளின்ர இதயம் நிண்டது.

— செத்தவீட்டிலயும் சனத்துக்கு முன்னால உதைத்தான் சொன்னியள்.

— பொய்யோ?

— நானும் மெய்யெண்டுதான் நினைச்சிருந்தன். போன கிழமை டொக்டர் கேட்டவ, அம்மா என்னத்தால செத்தவ எண்டு. இதயம் எண்டன். முந்தி நெஞ்சில ரேடியேஷன் குடுத்ததோ எண்டு கேட்டா. ஓம் எண்டன்.

— அதுக்கு?

— அந்தக் காலத்து டோஸ் பக்கத்தில இருந்த இதயத்தையும் சுட்டிருக்கும் எண்டா. அது பதினைஞ்சு, இருபது வருஷம் கழிச்சுத்தான் காட்டுமாம். அதுக்குப் பயந்துதான் இப்ப குறைக்கினம். அப்ப அது ஆருக்கும் வடிவாத் தெரியாது, அப்பா. உங்களுக்கும் தெரியாது.

— நான்தானே கும்பிட்டுக் கேட்டனான்…

— அப்பா? தண்ணி தரட்டோ?

— அந்த விசரன் ஏன் இன்னும் கீழ குளிருக்க கிடக்கிறான்? மேல வரச்சொல்லு.