தாத்தா சைட்ல கீறாரு

"மீசையில்லாத பொம்மை இன்னா திருஷ்டியக் கழிக்கும், மேஸ்திரி?"

அடையாறு போகும் பேருந்தில் என் முன்சீட்டில் இருவர். கைகளில் காய்ந்த சிமெண்ட்.

"பேத்தி பாத்து பயந்துச்சுன்னு, கட்டடத்துல மாட்டுன பொம்மைக்கு மொதலாளியே மீசைய சுரண்டிட்டாரு. போன வாரம் அவரே செத்துப் பூட்டாரு."

"கொயந்தைக்குத் தெரியுமா?"

"தாத்தா சைட்ல கீறாருன்னு வூட்ல சொல்லி வெச்சுக்கீறாங்க. காலைல எனக்குப் போன் பண்ணி, 'மேஸ்திரி மாமா, தாத்தாகிட்ட குடு'ன்னுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"கான்கிரீட் போட்டுக்கினு கீறாரு, கையெல்லாம் சிமெண்டுன்னேன்."

பேருந்து பாலத்தில் ஏறியது. ஆற்றின் வெளிச்சம் மேஸ்திரியின் முகத்தில் நடுங்கி நடுங்கி விலகியது.

"கை கழுவினு வரச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்னுச்சு. அது போனை வைக்கல. என்னாலயும் வைக்க முடியல."