ஒற்றைக் கம்பியில் ஐந்து மணிகள்

அவைக்குத் தலைமையேற்று, எனக்கு அளித்த இருபது நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் காவல்காத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் அம்பலவாணர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியை இரவல் தந்து, அது இரைந்தால் அணைப்பதற்கு அருகிலேயே நிற்கும் வர்த்தகர் ஸுஹைர் நானா அவர்களே, ராகலையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஹட்டன் வந்து சேர்ந்த பெரியோர்களே, இன்றைக்கு அரைநாள் பேர், அரைக் கூலி போதுமென்று மலையிறங்கி, முதுகின் ஈரம் காயுமுன் இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் ஒளியைப் பற்றிப் பேச வந்தேன். தலைமயிர் அளவு கண்ணாடி இழை. அதற்குள் ஓடும் ஒளி. அந்த ஒற்றை இழையில் ஒரே நேரத்தில் நூறு பேர் பேசினால் என்ன ஆகும்? ஒருவர் சொல் இன்னொருவர் சொல்லை விழுங்காதா? எந்தச் சொல் யாருக்கென்று ஒளி எப்படி அறியும்?

மூன்று ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். விடையின் பாதியை இந்த ஆண்டு, 2004 சித்திரையில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கேட்டேன். சொன்னவர் செல்லசாமி. மலையில் தேயிலைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுபவர்.

பத்து ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோட்டத்தில் ஐந்து தொலைபேசிகள். ஐந்துக்கும் ஒரே கம்பி. ஓரிடத்தில் கைப்பிடியைச் சுற்றினால் ஐந்து இடத்திலும் மணி அடிக்கும். ஆபீசுக்கு ஓர் அடி. ஃபெக்டரிக்கு இரண்டு. மருந்தகத்துக்கு மூன்று. கீழ்ப்பிரிவுக்கு நான்கு. மேற்பிரிவுக்கு ஐந்து. தன் எண்ணிக்கை கேட்டவர் மட்டுமே எடுக்கலாம். பிறர் மணிக்கு எடுத்தால் ஒட்டுக்கேட்ட குற்றம். ஆபீசில் போய் நிற்க வேண்டும்.

ஒரு பிற்பகல். கொழுந்து நிறுக்கும் நேரம். மேற்பிரிவு லயத்து வீட்டில் செல்லசாமியின் மனைவி லெட்சுமிக்கு வலி கண்டது. பிள்ளையின் கால் முதலில் தெரிந்தது. செல்லசாமி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இருந்த தொலைபேசிக்கு ஓடினார். மருந்தகத்துக்கு மூன்று அடி அடித்தார். அதே கணத்தில், நிறுத்த கொழுந்தின் கணக்கைச் சொல்ல, ஃபெக்டரி ஆபீசுக்கு ஓர் அடி அடித்தது.

மூன்றும் ஒன்றும் நான்கு. கீழ்ப்பிரிவுக் காவலாளி அழகன் எடுத்தார்.

"டிஸ்பென்சரிங்களா?"

"இது கீழ் டிவிசன். நாலு அடிச்சிட்டு டிஸ்பென்சரியாங்குற. எண்ணத் தெரியாதா ஒனக்கு?"

"மூணுதாண்ணே அடிச்சேன்."

"நாலு. இந்தக் காதாலதான் எண்ணுனேன். வைய்யி."

வைத்துவிட்டார். சபையோரே, இருவரில் யார் பொய் சொன்னார்? ஒருவரும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாத வியப்பு.

இரண்டாம் முறையும் மூன்று. இரண்டாம் முறையும் ஃபெக்டரி குறுக்கே வந்தது. அதே ஆள்தான் என்று அழகன் எடுக்கவே இல்லை. மருந்தகத்தில் மருத்துவிச்சி கமலேஸ்வரி நான்கு எண்ணினார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

செல்லசாமி காமன் கூத்தில் தப்புப் பறை அடிப்பவர். மூன்றாம் முறை அவர் எண்ணவில்லை. ஓர் அடி. ஒட்டியபடி இன்னோர் அடி. நீண்ட மௌனம். மூன்றாம் அடி. மறுபடி அதே. மறுபடி அதே. நடுவே ஃபெக்டரி மணி விழுந்தது. விழட்டுமே. தாளம் கலைந்ததா? கலையவில்லை.

அது கமலேஸ்வரியின் எண் அல்ல. யாருடைய எண்ணும் அல்ல. எடுத்தால் குற்றம். எடுத்தார்.

"ஆரது டெலிபோனிலை பறை அடிக்கிறது?"

"நாந்தாங்க மிஸி, மேல் டிவிசன் செல்லசாமி. வீட்டுக்காரிக்கு வலி வந்திருச்சு. புள்ளைக்கிக் காலு தெரியுதுங்க."

"அவவை முக்க விடாதை. நான் வாறன்."

கொழுந்து லொறியில் ஏறிப் போனார். பெண் குழந்தை. நீலம் பாரித்திருந்தது. அரை நிமிடம் அழவில்லை. பிறகு அழுதது. தாயும் பிழைத்தாள்.

கைதட்டுங்கள் அம்மா, தாராளமாக. ஆனால் கதை முடியவில்லை.

ஆபீசில் விசாரித்தார்கள். கமலேஸ்வரி மன்னிப்புக் கேட்கவில்லை. செல்லசாமியையும் கூட்டிக்கொண்டு போய், மேசைமேல் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டினார். எல்லாருக்கும் மூன்றே அடி. இடைவெளி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருடைய இடைவெளி இன்னொருவருக்கு வரக்கூடாது. அப்போது இரு தாளங்கள் எப்படி மோதினாலும் ஓர் அடியில் மட்டுமே ஒட்டும். மற்ற அடிகள் விலகிவிடும். ஆபீஸ் ஒத்துக்கொண்டது.

ஆய்வுகூடத்தில் இதற்கு நீளமான பெயர்: ஒளியியல் குறிமுறைப் பல்லணுகல். பெயரை மறந்துவிடுங்கள். மணிக்குப் பதில் ஒளி மின்னல். ஒரு 'ஆம்' சொல்ல, குறித்த இடைவெளிகளில் மூன்று மின்னல். வாங்கும் முனையில் நீளம் வேறுபட்ட கண்ணாடிச் சுருள்கள். முந்தி வந்த மின்னல் நீண்ட சுருளில் சுற்றித் தாமதிக்கும். பிந்தி வந்தது குட்டைச் சுருளில் ஓடும். மூன்றும் ஒரே கணத்தில் கூடும். பளிச். அது எனக்கானது. பிறர் மின்னல்கள் அதே சுருள்களில் சிதறும், மங்கும்.

பின்வரிசையில் ஓர் அக்கா கேட்கிறார், "அப்ப கியூவுல நிக்க வேணாமா தங்கச்சி?" வேண்டாம் அக்கா. எப்போது வரும்? தெரியாது. இன்று அது ஆய்வு மேசையில் இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். இந்த இழையில் மின்னல் இருக்கும், அல்லது இருக்காது. அதில் கழித்தல் இல்லை, கூட்டல் மட்டுமே. ஆட்கள் பெருகப் பெருக மங்கலும் பெருகும். ஓர் எல்லையில் மூன்று மறுபடியும் நான்காகும். அந்த எல்லை எங்கே? என் ஆய்வு அதுதான்.

முறை வரும்வரை பொறு என்கிறார்கள். வலி பொறுக்குமா? கால் நீட்டிய பிள்ளை பொறுக்குமா? ஒருவர் வாயடைத்தால்தான் மற்றவர் வாய்திறக்கலாம் என்பது ஒளியின் சட்டமா, ஓசையின் சட்டமா? கம்பி கட்டியவர்களின் பழக்கம், சபையோரே. வெறும் பழக்கம். அதை ஒரு மருத்துவிச்சியும் ஒரு தப்புக்காரரும் தீக்குச்சிகளால் மாற்றினார்கள்.

செவி தந்த உங்களுக்கு நன்றி. நேரம் தந்த தலைவருக்கு நன்றி. இனிக் கேள்விகள். கையுயர்த்திக் காத்திருக்க வேண்டாம். எல்லோரும் ஒன்றாகவே கேளுங்கள். பிரித்தெடுக்க முடிகிறதா பார்க்கிறேன்.

வணக்கம்.