கதினாவுக்குத் தீ வைக்காதவர்

கொட்டாரம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். இளையவர் மடியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ் கட்டு. மூத்தவர்தான் ஊரில் முன்பெல்லாம் கொடைக்கு வெடி போட்டவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. இரும்புக் குழலில் மருந்து இடித்து வெடிக்கிற கதினா. அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் நான் வயல் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"இந்த வருசமும் நான் வெடி போட வரமாட்டேன் மக்கா. ஒரு படம் பாத்துட்டேன்."

"என்ன படம்ணே?"

"பட்டாளப் படம். நெசமா நடக்க மாதிரியே எடுத்திருக்கான். பாத்து மூணு வருசமாச்சு, இன்னும் மனசை விட்டுப் போகமாட்டேங்கு. சண்டை முடிஞ்சு வீட்டுக்கு வந்தவன், கல்யாண வீட்டுல வெடி போட்டதும் கட்டிலுக்கு அடியில போயிட்டான்."

"அது சினிமால்லா?"

"எங்க தம்பி பட்டாளத்துல இருந்து வந்தபொறவு அப்பிடித்தான். கொடையன்னைக்கு மாட்டுத் தொழுவத்துல கதவை அடைச்சுட்டு இருப்பான். பட்டாளத்துக்காரனுக்கு வெடின்னா பயம்னு ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ஒரு வருசம் வேணும்னே தொழுவத்துப் பக்கமா கொண்டுபோயி ரெண்டு கதினா வச்சேன்."

நோட்டீஸ்காரர் மடியில் இருந்த கட்டைத் திருப்பி வைத்தார். பிறகு கேட்டார்:

"அப்ப கொடையன்னைக்கு நீங்க எங்க இருப்பிய?"

"தொழுவத்துலதான். அவன்கூட."

"எதுக்கு வந்தேன்னு அவரு கேக்கலியா?"

"கேக்கல. கொஞ்சம் நவுந்து எனக்கு எடம் விட்டான்."