சும்மா ஓடியவர்

இலங்கையில் போர் நடந்த தொண்ணூறுகளில் ஒரு காலை. ஹாலிஎலவிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். இளையவள் சொன்னாள்:

“ஓடுனதுக்கு எங்க வீட்டுக்காரரப் பொலிசுல புடிச்சிட்டாங்கக்கா.”

“யாரு வெரட்டுனா?”

“யாரும் வெரட்டல. அதான் சந்தேகமாம். சீனி வியாதிக்கு வெடியக்காலையில வெறும் வயித்தோட ஓடச் சொன்னாரு டாக்டரு. தமிழன் சும்மா ஓடுவானா, நீ யாருகிட்ட ட்ரெய்னிங் எடுக்கிறேன்னு கேட்டுக் கேட்டு, பொழுது சாயத்தான் விட்டாங்க.”

“நாமளும் வெறும் தேத்தண்ணியக் குடிச்சிட்டுத்தானே மலை ஏறுறோம்?”

“நம்ம முதுகுல கூடை இருக்கே. அவரு வெறுங்கையோட ஓடுனாரு.”

பெரியவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன்.

வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். துப்பாக்கியோடு ஒருவர் ஏறி, எல்லாருடைய அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு இறங்கினார். பஸ் கிளம்பி அடுத்த வளைவைத் தாண்டியது.

“இப்பவும் ஓடுறாரா?” பெரியவள் மெதுவாகக் கேட்டாள்.

“நான்தான் வேணாம்னு நிப்பாட்டிட்டேன்.”

“சீனி ஏறுமே புள்ள.”

“ஏறட்டும்க்கா. சீனி மெதுவாத்தானே கொல்லும்.”