நிறைந்திருப்பதாகச் சொன்ன விளக்கு

எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அவ்வளவு உப்பு. குடத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். நான் செய்த சர்க்யூட் பழுதானதற்கு அந்த உப்புதான் காரணம். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

என் பெயர் ராஜபாண்டியன். ஆமத்தூருக்குத் தெற்கே தீப்பிடித்ததே, அந்தப் பட்டாசுக் கம்பெனியின் முதலாளி பலவேசம் என் மாமனார். கல்யாணத்துக்குப் பிறகு ஆபீசில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார். வேலை என்று எதுவும் இல்லை. ஆர்டர் பேசுவது மாமா. ஆட்களையும் லோடையும் பார்ப்பது ஃபோர்மேன் செல்லப்பாண்டி. நான் செல்போனில் வீடியோ பார்த்துச் சின்னச் சின்ன சர்க்யூட் செய்துகொண்டிருப்பேன். விசேஷ வீடுகளில் யாராவது, "மாப்பிள்ளை என்ன செய்றாக?" என்று கேட்டால் மாமா, "இருக்காக" என்பார். இலையில் போட்ட சோறு அப்புறம் எனக்கு இறங்காது.

தீயணைப்பதற்கென்று கம்பெனியில் ஒரு மேல்நிலைத் தொட்டி உண்டு. மோட்டார் போட மறந்தால் வற்றிவிடும், நிறுத்த மறந்தால் வழியும். அதற்குத்தான் நான் சென்சார் செய்தேன். தொட்டிக்குள் கம்பிகளைத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் மேல்கம்பியைத் தொட்டால் மோட்டார் நின்று பச்சை விளக்கு எரியும். கீழ்க்கம்பிக்கும் கீழே போனால் சிவப்பு எரிந்து மோட்டார் தானாக ஓடும். கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். பெரிய வித்தை ஒன்றுமில்லை.

மோட்டார் தானாக நின்றதும் மாமா சத்தம் போட்டுக் கூப்பிட்டார். "ஏலே செல்லப்பாண்டி, இங்கன வா. எங்க மாப்ள என்ன செஞ்சிருக்காக பாரு."

எங்க மாப்ள என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. மோட்டாரின் பழைய சுவிட்சை அன்றைக்கே கழற்றிவிட்டேன். இனி யாரும் கை வைக்க வேண்டாம் என்று, விளக்குகள் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி சர்க்யூட் பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் கம்பிகளில் உப்பு ஏறியது, தண்ணீர் தொட்டாலும் சர்க்யூட்டுக்குத் தெரியவில்லை. தொட்டி நிறைந்தும் மோட்டார் நிற்காமல், வழிந்த தண்ணீர் காயப்போட்டிருந்த பட்டாசுச் சரக்கை நனைத்தது. குழாயில் கசிவு என்று சொல்லிவிட்டேன். கம்பியைச் சுரண்டிப் போட்டேன். மறுபடியும் அதே கதை. மிதவை வைத்த சென்சார் வாங்கி மாட்டியிருக்கலாம். ஏன் மாற்றுகிறீர்கள் என்று மாமா கேட்டிருப்பார்.

அதனால் கம்பிகளை அவிழ்த்துவிட்டு, பச்சை விளக்கு எப்போதும் எரிகிற மாதிரி இணைத்தேன். பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சுவிட்ச் வைத்தேன். காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் போய் நானே மோட்டாரை ஓட்டி, நிறைந்ததும் நிறுத்தினேன். தானாக நிறைகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். இதை ஏமாற்று வேலை என்று நான் அப்போது நினைக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் இருந்ததல்லவா?

தீபாவளி சீசன் நேரம். சாத்தூரில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு முதலாளி, தன் கம்பெனிக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார். மறுநாள் விடியும்போதே மாமா என்னை அங்கே கூட்டிப்போகக் காரோடு வாசலில் வந்து நின்றார். தொட்டியை நிரப்பப் போக முடியவில்லை. நேற்றைய தண்ணீர் கிடக்கும், ஒரு நாள்தானே என்று வண்டியில் ஏறிவிட்டேன்.

சாத்தூரில் விளக்கிக்கொண்டிருக்கும்போது செல்லப்பாண்டி கூப்பிட்டார். பட்டாசுக் கம்பெனியில் போன் என்றால் எல்லோருக்கும் பகீர் என்றிருக்கும். மாமா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"சின்ன மொதலாளி, குழாயில தண்ணி நூலு கணக்கா வருது. பெட்டியத் தெறந்து பாக்கவா?"

"பச்சை எரியுதா?"

"எரியத்தான் செய்யுது."

"அப்ப தொட்டி நெறஞ்சிருக்கு. குழாயில அடைப்பு இருக்கும், பாருங்க. பெட்டியில கை வைக்காதீக."

மாமா அந்த முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீகளா? இங்கன இருந்தே சொல்லுதாக."

நான் பாத்ரூம் போவதாகச் சொல்லி வெளியே வந்தேன். செல்லப்பாண்டியின் நம்பரை எடுத்தேன். பூட்டை உடைத்து உள்ளே இருக்கும் சுவிட்சைப் போடுங்கள் என்று சொன்னால் போதும். அந்த சுவிட்ச் எதற்கு என்று கேட்பாரே என்று தோன்றியது. போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அங்கே கேசரி வைத்திருந்தார்கள். சாப்பிட்டேன்.

தீ முதலில் காகிதக் குழாய் அடுக்கிய கொட்டகையில்தான் பிடித்ததாம். பொம்பளையாட்கள் அண்டாவில் இருந்த தண்ணீரை ஊற்றிப் பாதி அணைத்துவிட்டார்கள். மீதிக்குக் குழாயைத் திறந்தபோது காற்றுதான் வந்திருக்கிறது. தீ அடுத்த அறைக்குத் தாவியது. அங்கே சரக்கு இருந்தது, அதைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு ஆட்களும் இருந்தார்கள். செல்லப்பாண்டியின் மனைவி பஞ்சம்மாளும் அங்கேதான் இருந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது கருகியவர்களைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களிடம் ஓடினார். நான் பெட்டியிடம் போனேன். கம்பிகளைப் பழையபடி மாட்டிவிட்டுப் பூட்டினேன். ஒரு கம்பிகூட இடம் மாறவில்லை, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு விசாரிக்க வந்தபோது, தொட்டி எப்படிக் காலியானது என்று நீங்கள் கேட்டீர்கள். வால்வை யாரோ திறந்து விட்டிருப்பார்கள், அது ஃபோர்மேன் பொறுப்பு என்றேன். செல்லப்பாண்டி இரண்டு கையிலும் கட்டோடு நின்றார். "சின்ன மொதலாளி, பச்சதானே எரிஞ்சது? போன்ல சொன்னேன்ல? நீங்களே சொல்லுங்க" என்றார்.

"செவப்பு எரிஞ்சிருக்கும். நீங்க சரியாப் பாக்கல" என்றேன்.

மாமாவும் அந்த போனைக் கேட்டவர்தான். ஆனாலும் மருமகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரை நீங்கள் கைது செய்து வண்டியில் ஏற்றினீர்கள்.

இன்றைக்குப் பஞ்சம்மாளுக்குக் கருமாதி. வந்தவர்களிடம் மாமா சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மாப்ள எம்புட்டு அருமையான மெஷினு செஞ்சு குடுத்தாக. கவனிக்க ஆளில்லாமப் போச்சே." எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அங்கே நிற்க முடியவில்லை. நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தொட்டி காலி என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே நிறைந்திருக்கிறது என்று சொன்னேன். செல்லப்பாண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள். நான் வேண்டுமென்றே, ஆட்கள் சாகட்டும் என்றே செய்ததாக வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த சர்க்யூட் வேலை செய்யவில்லை என்பதை மட்டும் எழுத வேண்டாம். மாமா படிப்பார்.